பகல் தூக்கத்துக்குக் காவல்

வா தாயி, உள்ள வா. மாடிய அப்பறமாப் பாக்கலாம், அது எங்கயும் ஓடிறாது. மொதல்ல உக்காரு. ஃபேனப் போடட்டா?

தெருவுல யார்கிட்ட வழி கேட்ட? முக்குக் கடைக்காரன்கிட்டயா? சரிதான். அப்ப சொல்லியிருப்பானே. "பேச்சியம்மா வீடா, அங்க மூச்சு விடக் கூடாதே"ன்னு. சிரிக்காத, எனக்குத் தெரியும். உனக்கு முன்னால மூணு பேரு மாடிய வாடகைக்குக் கேட்டு வந்து பாத்தாக. "யோசிச்சுச் சொல்றோம்"னு போனாக. இன்னும் யோசிச்சுக்கிட்டேதான் இருக்காக.

அதான் நானே சொல்லிப்புடுறேன். ஊரு சொல்றதக் கேட்டுட்ட, என் வாயாலயும் ஒரு தடவ கேட்டுக்க. நீ நர்சுன்னு சொன்ன, சின்னப் பிள்ளை ஒண்ணு இருக்குன்னு சொன்ன, வாரத்துல மூணு நாளு நைட் டூட்டின்னும் சொன்ன. உனக்கு வெளங்கும். வெளங்காதவுககிட்ட இதச் சொல்லிப் பிரயோசனமே இல்ல.

எங்க வீட்டுக்காரரு மில்லுல இருந்தாக. பஞ்சு மில்லு. கல்யாணம் ஆன புதுசுல வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். ஒரு வாரம் காலையில, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. எங்க மக செண்பகத்துக்கு ரெண்டு வயசு இருக்கும்போது மேனேஜரு கூப்பிட்டுச் சொல்லியிருக்காரு, நிரந்தரமா நைட் ஷிப்ட் பாக்க சம்மதிச்சா மேஸ்திரி ஆக்குறேன்னு. இவுக வீட்டுக்கு வந்து தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாக. "ஒத்துக்கலைன்னா ஒண்ணும் தப்பில்ல பேச்சி, இப்படியே இருந்துட்டுப் போவோம்"னாக. நான் விடுவனா? மேஸ்திரின்னா சும்மாவா? முப்பத்திரண்டு வயசுல யாரு மேஸ்திரி ஆனா இந்தத் தெருவுல? "நீங்க சரின்னு சொல்லுங்க, பகல்ல உங்களத் தூங்க வைக்கிறது என் பொறுப்பு"ன்னேன்.

என் பொறுப்புன்னு சொன்னேன் பாரு. சொன்ன சொல்லக் காப்பாத்துனேன். இருபத்திரண்டு வருஷம் காப்பாத்துனேன் தாயி.

அப்ப இந்த மாடியெல்லாம் கெடையாது. ஒரு ரூமு, ஒரு அடுப்பங்கரை, அவ்வளவுதான் வீடு. காலையில ஏழரைக்கு வருவாக. குளிச்சு, நாலு இட்லி சாப்பிட்டு, எட்டரைக்குப் படுப்பாக. நாலு மணிக்கு எந்திரிக்கணும். அந்த எட்டரைல இருந்து நாலு வரைக்கும் இந்த வீட்ல ஒரு சத்தம் கேக்கணுமே! ஜன்னலுக்குச் சாக்கு கட்டுனேன். குக்கரத் தூக்கிப் பரண்ல போட்டேன், விசில் அடிக்குமில்ல. எட்டரைக்கு முன்னாலயே சோத்த வடிச்சு எறக்கிருவேன். சட்னி அரைக்கணும்னா சட்டியத் தூக்கிக்கிட்டு என் நாத்தனா வீட்டுக்குப் போவேன், மூணு தெரு தள்ளி. பாத்திரம் கழுவுனா அடியில கோணிய விரிச்சுத்தான் வைக்கிறது. செண்பகம் கொலுசு போட்டிருந்தா. சின்ன வயசுல அவ அப்பா ஆசையா வாங்கிப் போட்டது. அதுல இருந்த முத்தையெல்லாம் ஒண்ணொண்ணா நெம்பி எடுத்துட்டேன். கொலுசக் கழட்டல பாத்துக்க. பொம்பளப் பிள்ளை கொலுசில்லாம இருக்கக் கூடாது. சத்தத்த மட்டும் எடுத்தேன்.

பெறகு வாசல்ல உக்காந்துக்கிருவேன். ஒரு முக்காலியப் போட்டு. கீரைக்காரி கூவிக்கிட்டு வருவா, கையக் காட்டுனா வாய மூடிக்கிருவா. சைக்கிள்ல மீன்காரன், ஐஸ்காரன், ஈயம் பூசுறவன், எல்லாருக்கும் தெரியும் இந்த வீடு வந்தா மணியடிக்கக் கூடாதுன்னு. பயலுக பந்து வெளையாடுனத வடக்குத் தெருவுக்கு வெரட்டி விட்டேன். காக்காயக் கூட உக்கார விட மாட்டேன். கோயில் பொங்கலுக்குக் கொழா ரேடியோவ இந்தப் பக்கமாத் திருப்பிக் கட்டுனானுக. கமிட்டிக்காரரு வீட்டுக்கே போய் நின்னேன். "உங்க சாமிக்குக் காது கேக்கும், மெதுவாவே வைங்க"ன்னேன்.

எதுத்த வீட்டுப் பெரியவரு செத்துப் போனாருல்ல, அதத்தான் ஊரே இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியுது. கடைக்காரன் அதையும் சொன்னானா? சொல்லியிருப்பான். ஆமா, போனேன். போயி, மாலையப் போட்டு, நானும் ரெண்டு சொட்டு அழுதுட்டுத்தான் சொன்னேன். "கொட்டு மேளத்த மட்டும் கொஞ்சம் தெரு முக்குல வச்சு அடிக்கச் சொல்லுங்க, இவுக இப்பத்தான் படுத்தாக"ன்னு. அதுல என்ன தப்பு? எண்பத்தி நாலு வயசு. கல்யாணச் சாவு. செத்தவரு இனி எந்திரிக்கப் போறாரா? எங்க வீட்ல படுத்திருக்கவுக சாயங்காலம் எந்திரிச்சு வேலைக்குப் போகணுமில்ல?

செண்பகம் நல்லாப் பழகிக்கிட்டா. நாலு வயசுலயே வாயசைச்சுத்தான் பேசுவா. தண்ணி வேணும்னா வெரலக் காட்டுவா. சிரிப்பு வந்தா ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு உடம்பு மட்டும் குலுங்கும். அவ டீச்சரு ஒரு நாள் என்னக் கூப்பிட்டு விட்டாக. "இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வருமா? பாடம் ஒப்பிக்கச் சொன்னா உதட்ட மட்டும் அசைக்குது"ன்னாக. "வரும் டீச்சர், எங்க வீட்டுப் பிள்ளை அடக்கமா வளந்த பிள்ளை"ன்னு சொல்லிட்டு வந்தேன். அவ வகுப்புலயே அவதான் பர்ஸ்ட் ரேங்க். கத்துற பிள்ளையெல்லாம் என்ன கிழிச்சிருச்சு?

நீ ராத்திரி தூங்குனியான்னு கேப்ப. கேக்கல? சரி, நானே சொல்றேன். பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஆம்பள இல்லாத வீட்ல எங்க தூங்க? ஒருக்களிச்சுப் படுத்திருப்பேன். கதவு காத்துல அசைஞ்சாலும் முழிப்பு வந்துரும். விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்பு. அத விடு. அதெல்லாம் ஒரு கணக்கா?

இவ்வளவும் பண்ணியும் இவுக உடம்பு ஏறவே இல்ல. கண்ணு செவந்தே கெடக்கும். முன்னெல்லாம் சிரிச்சுப் பேசுற மனுஷன், பெறகு ஒரு வார்த்த கேட்டா அரை நாழி கழிச்சுத்தான் பதில் வரும். செண்பகத்த அவுக தங்கச்சி பேரச் சொல்லிக் கூப்பிடுவாக. டி.வி.எஸ். வண்டியில வரும்போது ரெண்டு தடவ நம்ம வீட்டத் தாண்டிப் போயி, அந்தக் கடைசியில நின்னு முழிச்சிருக்காக. நாப்பத்தொரு வயசுல சுகர். அடுத்த வருஷம் பிரஷர். எங்க மாமனாருக்கும் சுகர் உண்டு, அதனால வந்துருச்சுன்னு நெனச்சேன். "இன்னும் நல்லாத் தூங்கணும் நீங்க"ன்னு சொல்லி, இன்னும் அரைமணி நேரம் முன்னாலயே படுக்க வச்சேன்.

பெறகுதான் குருவையா விஷயம் நடந்துச்சு.

குருவையா இவுக கீழ வேலை பாத்தவன். பஞ்சு அடிக்கிற மெஷின்ல பஞ்சு சிக்கிக்கிட்டா, மெஷின நிப்பாட்டி உள்ள கைய விட்டுத்தான் எடுக்கணும். எடுத்து முடிச்சவன் "சரி"ன்னு சொன்னப் பெறகுதான் மேஸ்திரி சுவிட்சப் போடணும். அன்னைக்கு விடியக் கருக்கல்ல அவன் கைய உள்ள விட்டிருக்கான். இவுக சுவிட்சுகிட்ட நிக்காக. அவன் "சரி"ன்னு சொல்லல. இவுக போட்டுட்டாக.

வலது கையில நாலு வெரலு.

விசாரணையில இவுக சொன்னத அப்படியே எழுதி வச்சிருக்காக. "அவன் சரின்னு சொன்னது என் காதுல கேட்டுச்சு"ன்னு. பக்கத்துல நின்ன ரெண்டு பேரும் அவன் வாயே தொறக்கலன்னாக. நின்னுக்கிட்டே ஒரு கண்ணு அசந்திருக்காக. அந்த ஒரு நிமிஷத்துல என்னமோ கனா மாதிரி ஒரு கொரலு கேட்டிருக்கு. நீ நர்சு, உனக்கு இது தெரியும், அப்படி ஆகும்தான?

யாரால ஆச்சுங்கிற? எதுத்த வீட்டாலதான். முந்தின நாள் பூராவும் அவுக வீட்ல போர் போட்டாக. காலையில ஒம்போது மணில இருந்து டம டமன்னு எறங்குது. நான் போயி கையெடுத்துக் கும்பிட்டேன், கெஞ்சுனேன். "தண்ணி வராம நாங்க சாகவா"ன்னாக. அன்னைக்கு இவுக ஒரு பொட்டுத் தூங்கல. அதான் மறு நாள் விடியக்காலம் அப்படி ஆச்சு. ரெண்டு வருஷம் வாசல்ல நின்னு அந்த வீட்ட ஏசுனேன். இன்னைக்கு வரைக்கும் பேச்சு வார்த்த கெடையாது.

குருவையா பொண்டாட்டி ஒரு நாள் வந்தா. காலையில பத்து மணி இருக்கும். இடுப்புல ஒரு பிள்ளை. தெரு முக்குல வரும்போதே ஓன்னு அழுதுக்கிட்டு வாரா. "எங்க அந்த மேஸ்திரி, என் முகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க"ங்கிறா. நான் எந்திரிச்சு ஓடுனேன். "மெதுவா தாயி, மெதுவா, அவுக இப்பத்தான் படுத்தாக"ன்னு அவ தோளப் புடிச்சு அணைச்சுக் கூட்டிக்கிட்டு, கொழாயடி வரைக்கும் கொண்டுபோய் உக்கார வச்சு, டீ வாங்கிக் கொடுத்து, நானும் கூட அழுதுதான் அனுப்பி வச்சேன். அவ போகும்போது என்னத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே. நான் என்ன அவள அடிச்சா வெரட்டுனேன்?

மேஸ்திரி வேலை போச்சு. பழையபடி பஞ்சு அள்ளுற வேலை. இவுக கேட்டாக, "இனிமே பகல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கட்டுமா பேச்சி? எனக்கு முடியல"ன்னு. நான்தான் வேண்டாம்னேன். பின்ன? நேத்து வரைக்கும் மேஸ்திரியா இருந்த மனுஷன், பகல்ல அத்தன பேரு முன்னால குனிஞ்சு பஞ்சு அள்ளுறதா? ராத்திரின்னா யாரு பாக்கப் போறா? இவுக மானத்துக்காகத்தான் சொன்னேன். அதுக்குப் பெறகும் எட்டு வருஷம் அதே நைட் ஷிப்ட். நானும் அதே முக்காலி.

இதுக்கு எடையில செண்பகத்துக்குக் கல்யாணம் முடிஞ்சுச்சு. மருமகன் தென்காசியில பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வச்சிருக்காரு, கடைக்கு மேலயே வீடு. அடுத்தடுத்து ரெண்டு பிள்ளைக.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் காலையில வேலை விட்டு வந்து டீய வாயில வச்சாக. டீ ஒரு பக்கமா வழிஞ்சு சட்டையில ஊத்துது. வாய் கோணிருச்சு. எடது கையி தொங்குது. ஆட்டோவப் புடிச்சு, இங்கன ஒரு ஆஸ்பத்திரி பாத்து, அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். நல்ல வேளை, நேரத்தோட போனதால தப்பிச்சாக. இப்பக் காலு மட்டும் லேசா இழுக்கும்.

மதுரை டாக்டரு எல்லாம் விசாரிச்சாரு. பீடி உண்டா, குடி உண்டான்னு. ஒண்ணும் கெடையாது சார்ன்னேன். "தூக்கம் எப்படி?"ன்னாரு. நான்தான் முந்திக்கிட்டுச் சொன்னேன். "தூக்கத்துக்கு ஒரு கொறையும் இல்ல சார். எட்டரைக்குப் படுத்தா நாலு மணிக்குத்தான் எந்திரிப்பாக. ஒரு ஈ எறும்பு சத்தம் இருக்காது. நான் வாசல்ல காவலுக்கு இருப்பேன்."

இவுக கட்டில்ல படுத்தபடியே என்னையப் பாத்தாக. பெறகு டாக்டரப் பாத்து, கோணின வாயால சொல்றாக. "இல்ல சார். ரெண்டு மணி நேரம் தூங்கியிருப்பேன். சில நாள் அதுவும் இல்ல."

"எத்தன வருஷமா?"

"நைட் ஷிப்ட் போனதுல இருந்து. இருபத்திரண்டு வருஷமா."

டாக்டரு பேனாவ மூடி வச்சிட்டாரு. "இந்தச் சுகரு, பிரஷரு, இப்ப வந்த இது, எதுவும் தனித்தனியா வரலம்மா. ஒடம்பு தூங்குறப்பதான் தன்னத்தானே சரி பண்ணிக்கிரும். இவரு ஒடம்புக்கு அந்த நேரமே கெடைக்கல. மூள மட்டும் என்ன பண்ணும்? முழிச்சிருக்கும்போதே அப்பப்ப அணைஞ்சு அணைஞ்சு எரியும்"னாரு.

எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. டாக்டரு போனப் பெறகு கேட்டேன். "என்னங்க சொல்றீக? நான் கண்ணால பாத்திருக்கேனே, நீங்க கண்ண மூடிப் படுத்திருந்தத?"

"கண்ண மூடித்தான் படுத்திருப்பேன் பேச்சி."

"அப்பத் தூங்கலையா?"

"எங்க தூங்க? வீடு அம்புட்டு அமைதியா இருக்கும். அந்த அமைதிதான் என் காதுல இரைஞ்சுக்கிட்டே கெடக்கும். நீ வாசல்ல இருக்கது தெரியும். பிள்ளைய நீ சத்தம் வராம அதட்டுறது தெரியும். அது வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறது தெரியும். எல்லாம் நான் தூங்கணும்னுதான. தூங்கணும் தூங்கணும்னு நெனச்சா தூக்கம் எப்படி வரும்?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ படுற பாட்டப் பாத்துட்டு எந்த வாயால சொல்ல?"

பெறகு சொவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டுச் சொன்னாக. "குருவையா பொண்டாட்டி வந்தாளே, அன்னைக்கும் முழிச்சுத்தான் கெடந்தேன். அவ அழுகிறது கேட்டுச்சு. எந்திரிச்சு வந்து அவ கால்ல விழுந்திரணும்னு இருந்துச்சு. கட்டில விட்டு எறங்குறதுக்குள்ள நீ கூட்டிட்டுப் போயிட்ட."

கேட்டியா தாயி? இருபத்திரண்டு வருஷம் நான் தெருவோட பகையாகி, சாவு வீட்ல பேரு கெட்டு, வெயில்ல மழையில முக்காலியில உக்காந்து காத்தது எத? வெறும் மூடின கண்ண! ஒரு மனுஷன் அப்படியா நடிப்பாக? ஒரே ஒரு நாள், "நான் தூங்கலடி"ன்னு சொல்லியிருந்தா, நான் பாட்டுக்கு உள்ள போய்க் கொஞ்சம் தலையச் சாச்சிருக்க மாட்டேனா?

வேலைய விட்டு நின்னுட்டாக. ராத்திரியும் தூக்கம் கெடையாது. அங்கிட்டும் இங்கிட்டும் நடப்பாக. செண்பகம் வந்து, "பத்து நாள் அப்பா எங்க வீட்ல இருக்கட்டும்"னு கூட்டிட்டுப் போனா. அந்த வீடு எப்படின்னு நெனைக்க? கீழ பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டே நிக்கும். பக்கத்துல லேத்துப் பட்டறை. வீட்டுக்குள்ள டி.வி. பாட்டுக்கு ஓடும். பிள்ளைக ரெண்டும் ரெண்டு பிசாசுக.

பத்து நாள் கழிச்சு போன் பண்ணேன். "இங்க தூக்கம் நல்லா வருது பேச்சி, இன்னும் பத்து நாள் இருந்துட்டு வாரேன்"னாக. அது ஆச்சு எட்டு மாசம்.

போன மாசம் நானே பஸ் ஏறிப் போனேன். காலையில பதினோரு மணிக்குப் போறேன். நடு ஹால்ல ஒரு பாயப் போட்டு மல்லாக்கப் படுத்து, வாயத் தொறந்து, கொறட்டை விட்டுத் தூங்குறாக. டி.வி. ஓடுது. கீழ ஆரன் அடிக்கான். பெரிய பிள்ளை பாத்திரத்தக் கமுத்திப் போட்டுக் கரண்டியால அடிக்குது, சின்னது தாத்தா வயித்துல ஏறிக் குதிரை ஓட்டுது. எனக்குப் பதறிப்போச்சு. ஓடிப் போயி ரெண்டு பிள்ளைகளையும் புடிச்சு இழுத்து, வாயில வெரல வச்சு, "ஷ்ஷ்"ன்னேன்.

செண்பகம் அடுப்பங்கரையில இருந்து வந்தா. அவ வாயால ஒரு சத்தம் நான் கேட்டதில்ல தாயி. பெத்ததுல இருந்து கேட்டதில்ல. பிரசவ வலியில கூட அந்தப் பிள்ளை பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் கெடந்துச்சு. அந்தப் பிள்ளை கத்துறா. தெருவே கேக்குற மாதிரிக் கத்துறா. "என் வீட்ல எந்தப் பிள்ளையும் வாயப் பொத்தக் கூடாது! விடும்மா அதுகள!"

நான் பயந்து போயி இவுகளப் பாத்தேன், முழிச்சிருப்பாகன்னு.

திரும்பிக்கூடப் படுக்கல. கொறட்டை ஒரு நிமிஷம் நிக்கல.

அடுத்த பஸ்ஸுக்கே வந்துட்டேன். ஒரு வாய் தண்ணி குடிக்கல. நீயே சொல்லு, நான் என்ன தப்புப் பண்ணேன்? என் சொகத்துக்கா பண்ணேன்?

இப்ப இந்த வீட்ல நான் மட்டுந்தான். குக்கரு வைக்கலாம், ரேடியோ வைக்கலாம், யாரும் கேக்க மாட்டாக. வைக்கத் தோணல. ராத்திரியும் முழிச்சுத்தான் கெடக்கேன். காது பழகிருச்சு, எங்கயாவது ஒரு சத்தம் வந்துருமோன்னு தேடிக்கிட்டே கெடக்கும்.

சரி, என் கதை கெடக்கட்டும். உன்னயப் பாத்தாலே தெரியுது, கண்ணுக்குக் கீழ கருத்துப் போய்க் கெடக்கு. டூட்டி முடிச்சு வந்து சமையலும் நீதான பாக்க? உன் வீட்டுக்காரரு உனக்குக் காவல் இருப்பாரா? ஆம்பளைக யாரு இருந்தா? நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. மாடிக்கு வந்துரு. நைட் டூட்டி முடிச்சு வந்தியா, பேசாமப் போய்ப் படு. உன் பிள்ளைய என்கிட்ட விட்டுரு, நான் பழக்கிக்கிறேன். கீழ வாசல்ல நான் உக்காந்திருப்பேன். ஒரு குஞ்சு சத்தம் போடாது.

என்ன தாயி, எந்திரிச்சுட்ட? மாடியப் பாக்கலையா?